மதிலுக்கு இந்தப் பக்கம் ஓர் அடுப்பு

அந்த அடுப்பை எஜீதியோ யாருக்காகக் கட்டினார்? அந்த வருடம் யாராவது என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. மனைவிக்காகக் கட்டுகிறார் என்றுதான் எங்கள் தெருவில் எல்லோரும் நினைத்தோம். எஜீதியோவும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

அவருக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. மலைக்குக் கீழே சமவெளியில் இருக்கும் கார் தொழிற்சாலையில், பெயிண்ட் பிரிவில், இருபத்துநான்கு வருடமாக வேலை. விடிவதற்கு முன்பே தேவாலயச் சதுக்கத்துக்கு வரும் பேருந்தில் ஏறிப் போவார். மதியம் மூன்றரைக்கு அதே பேருந்தில் திரும்புவார். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் தலை ஜன்னலில் இடித்துக்கொள்ளும். ஆனாலும் தூக்கம் கலையாது. ஓட்டுநர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் இறங்குவார். நெற்றியின் வலது பக்கம் கண்ணாடி படும் இடத்தில் ஒரு சிவந்த தடம் எப்போதும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும்போதுகூட அந்தத் தடம் மறைந்திருக்காது.

அப்பா இறந்ததும் எஜீதியோவும் தம்பி கானியோவும் வீட்டைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொண்டார்கள். கிணறும் நிலவறையும் எஜீதியோவுக்கு விழுந்தன. கொல்லையில் இருந்த ரொட்டி அடுப்பு கானியோ பக்கம் போயிற்று. நடுவே மதில் எழுந்தது. அந்த வாரம் எதையோ பேசப்போய்ப் பேச்சு வளர்ந்து, கானியோ சொன்னார்:

"அடுப்பு வேணும்னா உன் வீட்டுக்காரி வந்து கேட்டுட்டுச் சுட்டுக்கட்டும். யாரு வேணாங்குறா?"

அவர் என்ன எண்ணத்தில் சொன்னாரோ தெரியாது. அதிலிருந்து ஆறு வருடமாக அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. கானியோவின் வாசலை எஜீதியோ மிதிக்கவில்லை.

ஆனால் ரொட்டி சுட்டாக வேண்டுமே. வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் எஜீதியோவின் மனைவி தொனாத்தா முன்வாசல் வழியாக இறங்கி, தெருமுனையைச் சுற்றிக்கொண்டு போய், கானியோ வீட்டுக் கதவைத் தட்டுவார். கானியோவின் மனைவி மிக்கெலீனா, தொனாத்தாவின் மகளுக்கு ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கும்மா' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"கும்மா, நாளைக்கு அடுப்பு பத்த வைக்கிறியா?"

அந்தக் குரல் எஜீதியோவின் சமையலறை ஜன்னல் வரை கேட்கும். கேட்டதும் வாயில் இருப்பதை மெல்லாமல் நிறுத்திவிடுவார். தன் மனைவி தன் தகப்பன் கட்டிய அடுப்புக்கு முன்னால் கையேந்தி நிற்கிறாள் என்று அவருக்குத் தோன்றும். ஒரு வாரம் இல்லை, இரண்டு வாரம் இல்லை, ஆறு வருடம்.

ஆறாவது வருட ஜனவரியில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்: "இந்த ஈஸ்டருக்கு நீ அங்க போக வேண்டாம். நம்ம கொல்லையிலயே அடுப்பு கட்டப்போறேன்."

தொனாத்தா சூப் ஊற்றிக்கொண்டிருந்தார். "யாரு கட்டுறது?"

"நான்தான்."

"நீ நாற்காலியில உக்காந்தாலே தூங்குற. அடுப்பு மேல ஏறித் தூங்கவா?"

"பேசாம பாரு."

தொனாத்தா பேசாமல்தான் பார்த்தார். பிறகு தெரிந்த வரையில், அந்த மூன்று மாதமும் அவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எண்பதாம் வருட நிலநடுக்கத்தில் விழுந்த வீடுகளின் இடிபாடுகள் ஊருக்குக் கீழே ஓடைச்சரிவில் அப்படியே கிடந்தன. எஜீதியோ இரவல் வாங்கிய மூன்று சக்கர வண்டியில் அங்கிருந்து செங்கல் பொறுக்கி ஏற்றினார். பழைய செங்கல், கையால் அறுத்துச் சுட்டது, நல்ல கனம். நாற்பது வருடத்துக்கு மேல் மழையிலும் பனியிலும் ஊறியது. ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பாசியை எடுத்துக் கிணற்றடியில் அடுக்கினார். முதுகு வலி வந்தால் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு மறுபடியும் குனிவார்.

கொல்லையின் பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஒற்றையடிப் பாதை போகிறது. ஓய்வு பெற்ற தபால்காரர் நூன்சியோவுக்கு மாலை நடை அந்தப் பாதையில்தான். அடுப்பின் பீடம் இடுப்பளவு எழுந்ததும் வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"என்ன எஜீதியோ, உனக்கு நீயே கல்லறை கட்டிக்கிறியா?"

"அடுப்பு."

"அடுப்பா? ஆளு படுக்கச் சரியா இருக்கே. வாசல் பக்கமாக் காலை நீட்டிக்கலாம்."

"உனக்கும் சேத்துத்தான் அளவெடுத்தேன்."

"அப்போ இன்னும் ஒரு சாண் அகலமா வை. நான் புரண்டு படுப்பேன்."

பீடத்தின் மேல் எஜீதியோ உடைந்த கண்ணாடித் துண்டுகளையும் கல்லுப்பையும் மணலையும் பரப்பினார். சூடு கீழே இறங்காமல் இருக்க எங்கள் ஊரில் எல்லா அடுப்புக்கும் போடுவதுதான். அதன் மேல் தளக்கல். தளத்தின் மேல் ஈர மணலைக் குவித்து, கையால் தட்டித் தட்டி, கவிழ்த்த பானைபோல் ஆக்கினார். மணலுக்கு மேல் நனைத்த செய்தித்தாளை ஒட்டினார். அந்த மணல் குன்றைச் சுற்றித்தான் செங்கல்லை வட்டம் வட்டமாக அடுக்கி ஏற்ற வேண்டும். உச்சியில் கடைசிக் கல் இறுகியபின் வாசல் வழியாக மணலை வாரி வெளியே எடுத்துவிட்டால், உள்ளே வெற்றுக் குவிமாடம் நிற்கும்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. எஜீதியோ மூன்றரைக்குப் பேருந்திலிருந்து இறங்கி, வீட்டுக்கு வந்து, உடை மாற்றிக்கொண்டு, வெளிச்சம் போகும் வரை ஒரு நாளைக்கு ஒரு வட்டம் வைத்தார். சில நாள் அரை வட்டம். பிப்ரவரியில் ஒரு நாள் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தபடியே, கையில் கலவைக் கரண்டியோடு தூங்கிப்போனார். கரண்டியில் இருந்த கலவை முழங்கால் மேல் சொட்டி இறுகியிருந்தது.

"எஜீ! கொண்டைக்கடலை ஆறுது!" என்று தொனாத்தா சமையலறையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டார். பிறகு வெளியே வந்து பார்த்தார். கரண்டியைக் கையிலிருந்து எடுத்துக் கழுவி வைத்தார். முழங்காலில் இறுகிய கலவையை நகத்தால் சுரண்டினார். எஜீதியோ கண் திறந்து, "இன்னும் ரெண்டே வட்டம்" என்றார். தொனாத்தா உள்ளே போய்விட்டார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் சில சமயம் காலடிச் சத்தம் வந்து நிற்கும். கானியோ புகைக்கும் சுருட்டின் மணம் வரும். எஜீதியோ அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். கரண்டியைச் செங்கல்லில் தட்டும் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டுவார்.

உச்சிக் கல்லை வைத்து மூடியது ஒரு சனிக்கிழமை. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. எங்கள் ஊரில் ஈஸ்டர் ரொட்டியை வியாழக்கிழமையே சுட்டுவிடுவார்கள். அந்த வியாழனுக்காக எஜீதியோ மார்ச்சிலேயே விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார். வசந்தம் என்று பெயர்தான். பன்னிரண்டு நாளில் எட்டு நாள் தூறல், மீதி நாள் மூடுபனி. அடுப்பின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினார்.

புதன்கிழமை மணலை வாரிக்கொண்டிருந்தபோது நூன்சியோ வேலியோரம் வந்தார்.

"எப்ப மூடின?"

"போன வாரத்துக்கு முந்தின சனி."

"அப்ப மே மாசம் பத்த வை. முதல்ல கைப்பிடி சுள்ளி. அடுத்த நாள் ரெண்டு கைப்பிடி. அப்படியே பத்து நாள்."

"நாளைக்கு ரொட்டி."

"நாளைக்கா? உள்ளே தண்ணி ஒளிஞ்சிருக்கும்டா."

"இங்க பாரு நூன்சியோ. எங்க பிரிவுல ஒரு கார் முழுசா பெயிண்ட் சொட்டச் சொட்டச் சூட்டறைக்குள்ள போகுது. அரை மணி நேரம். காஞ்சு மின்னிக்கிட்டு வெளிய வருது. இருபத்துநாலு வருஷமாப் பாக்குறேன். சூடு போதலைன்னாத்தான் ஈரம் நிக்கும்."

"அது தகரம். இது மண்ணு."

"சூடு சூடுதான்."

நூன்சியோ தோளைக் குலுக்கினார். "சரி, எனக்கு ஒரு ரொட்டி எடுத்து வை. அடுப்பு மிச்சம் இருந்தா."

அன்று மாலை தொனாத்தா ஒரு கிண்ணத்தையும் துணியையும் எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனார். எஜீதியோ மாடிப்படியில் உட்கார்ந்து செருப்பிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க போற?"

"மிக்கெலீனா வீட்டுக்கு."

"இனிமே எதுக்கு?"

"புளிச்ச மாவு இந்த வாரம் அவ வீட்டுலதான் இருக்கு."

எங்கள் தெருவில் ரொட்டி புளிக்க வைக்கும் மாவு யாருடைய சொத்தும் இல்லை. கடைசியாகச் சுட்டவர் வீட்டில் ஒரு உருண்டை இருக்கும். அடுத்துச் சுடப்போகிறவர் வந்து வாங்கிக்கொள்வார். பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம்தான். ஆனால் இந்த மூன்று மாதத்தில் எஜீதியோவுக்கு அது ஒருமுறைகூட ஞாபகம் வரவில்லை.

"அதுக்கும் அங்கதான் போகணுமா?" என்றார்.

"பின்ன? அதையும் செங்கல்லுல கட்டிடுவியா?"

தொனாத்தா போனார். திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒரு உருண்டை மாவு வாங்க ஒன்றரை மணி நேரம் எதற்கு என்று எஜீதியோ கேட்கவில்லை. அவர் படியிலேயே தூங்கிப்போயிருந்தார்.

வியாழக்கிழமை காலை தொனாத்தா பிசைந்த மாவு சூட்டில் பொங்கட்டும் என்று அதைக் கட்டிலில் படுக்க வைத்து, கம்பளி போர்த்தி, மேலே எஜீதியோவின் குளிர்காலக் கோட்டையும் போட்டிருந்தார். ஆறு பெரிய ரொட்டிக்கும், முட்டை பதித்த மூன்று வளைய ரொட்டிக்கும் ஆன மாவு. எஜீதியோ திராட்சைக் கொடிச் சுள்ளியைக் கட்டுக் கட்டாக அடுப்புக்குள் தள்ளித் தீ வைத்தார். பிடித்துக்கொண்டதும் ஒலிவ விறகைப் போட்டார்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. தீ கூரையைத் தொட்டு வளைந்து வாசலுக்குத் திரும்பி வந்தது. அந்த அழகைப் பார்த்தபோது மூன்று மாதத்து அசதியில் பாதி இறங்கியதுபோல் அவருக்கு இருந்தது. பிறகு வெள்ளைப் புகை வந்தது. விறகுப் புகை இல்லை. குளிர்காலத்தில் மாட்டின் மூக்கிலிருந்து வருவதுபோல் கனமான, ஈரமான புகை. குவிமாடத்தின் வெளிப்பூச்சில் வியர்வை போல் துளிகள் கோத்தன. உள்ளே எங்கோ உஸ்ஸென்று சீறியது.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவை.

"எஜீ. அது ஆவி. தீயை இழுத்துப் போடு."

எஜீதியோ ஒரு கோலால் விறகை இன்னும் உள்ளே தள்ளினார்.

"காது கேக்குதா? தீயை வெளிய இழு. கல்லு வெடிக்கும்."

அந்த நேரத்தில் நூன்சியோ சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். வழியில் போகிற யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பார். மதிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் மூன்று விறகை எடுத்து உள்ளே போட்டார்.

முதல் சத்தம் கதவை அறைந்தது போல் இருந்தது. உள்ளே ஒரு செங்கல்லின் முகம் பெயர்ந்து தெறித்தது. அடுத்து இன்னொன்று. பிறகு வாசலிலிருந்து உச்சி வரை ஒரு விரிசல் மெல்ல, அவசரமே இல்லாமல், அவர் கண் முன்னாலேயே ஏறிப் போயிற்று. அது உச்சிக் கல்லைத் தொட்டதும் நாலைந்து கற்கள் ஒரு பெருமூச்சு போல உள்ளே இறங்கின. ஓட்டை வழியாகத் தீப்பொறியும் சாம்பலும் வானத்துக்குப் போயின. அதன்பின் சத்தமில்லை.

எஜீதியோ வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார்.

தொனாத்தா வெளியே வந்து பார்த்தார். கத்தவில்லை. அடுப்பைப் பார்த்தார், புருஷனின் கையையும் முகத்தையும் பார்த்தார். காயம் இல்லை என்று தெரிந்ததும் உள்ளே போனார். திரும்பி வந்தபோது தலையில் சும்மாடு இருந்தது.

"மாவு பொங்கிடுச்சு. இன்னும் கால் மணி நேரம்தான் தாங்கும். ரெண்டு பலகை நிறைய இருக்கு. என்னால ஒண்ணுதான் தூக்க முடியும்."

"அங்கயா?"

"வேற எங்க?"

"தொனா, வேண்டாம். நீ அங்க போய்க் கையேந்தி நிக்கக் கூடாதுன்னுதானே இவ்வளவும்."

"நான் எப்ப கையேந்தினேன்?"

"வாராவாரம். 'அடுப்பு பத்த வைக்கிறியா'ன்னு கேட்டுக்கிட்டு நிக்கிறியே."

தொனாத்தா அவரைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எஜீதியோ தாங்கிக்கொண்டிருப்பார். அந்த முகத்தில் இருந்தது அவருடைய முகத்தில் இருந்த அதே அசதிதான்.

"நீ பஸ்ஸ விட்டு இறங்கி வந்து 'இன்னிக்கு என்ன சமையல்'னு கேக்குற. அது கையேந்துறதா? அவ எத்தனை மணிக்குப் பத்த வைப்பான்னு தெரிஞ்சாத்தானே நான் மாவு பிசைய முடியும்? நீ விடியறதுக்கு முன்ன போற. வந்தா தூங்குற. இந்த மூணு மாசமா எந்திரிச்சாக் கலவை குழைக்கிற. பொண்ணு எங்கயோ வடக்கே தோரினோ நகரத்துல இருக்கா. வாரத்துல ஒரு நாள்தான் நான் வாயைத் திறந்து பேசுறேன், எஜீ. அந்த அடுப்பு முன்னாலதான். அதையும் நிறுத்தத்தான் நீ இதைக் கட்டுன."

"உனக்காகத்தான்..."

"அடுப்பு வேணும்னு நான் எப்பவாவது கேட்டேனா? சொல்லு."

எஜீதியோ யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். ஆறு வருடத்தையும் துழாவிப் பார்த்தார். அவர் காதில் விழுந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை மாலைக் குரல்தான். அந்தக் குரலில் வெட்கம் இருந்ததாக அவர்தான் நினைத்தார். இப்போது நினைத்துப் பார்த்தால் அதில் அவசரம் இருந்தது. ஒரு பெண் தன் சிநேகிதியைப் பார்க்கப் போகும்போது இருக்கும் அவசரம். வெட்கம் அவருடையது. கேட்டு நிற்க முடியாதவர் அவர்.

"பலகையை எடு" என்றார் தொனாத்தா. "நான் காத்திருப்பேன். மாவு காத்திருக்காது."

எஜீதியோ ஒரு பலகையைத் தோளில் ஏற்றினார். மனைவி முன்னே, அவர் பின்னே. முன்வாசல், தெருமுனை, தம்பியின் வாசல். கதவு திறந்தே இருந்தது. மிக்கெலீனா கொல்லையில் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தன் ரொட்டிக்கென்று மூட்டிய அடுப்பிலிருந்து கானியோ கனலை ஒதுக்கித் தளத்தைத் துடைத்து முடித்திருந்தார். அவர் நிமிரவில்லை.

"பலகையை அங்க வை. வாசலை மறைச்சுக்கிட்டு நிக்காத."

எஜீதியோ வைத்தார்.

"கூரையா, பக்கமா?" என்றார் கானியோ.

"கூரை."

"செங்கல்லு?"

"ஓடையில கிடந்தது."

"அதான். ஈரம்."

"ம்."

"தளம் தப்பிச்சுதா?"

"தெரியல. பாக்கல."

பேச்சு அவ்வளவுதான். கட்டிப்பிடிக்கவும் இல்லை, கண்ணீரும் இல்லை. மிக்கெலீனாதான் ரொட்டியின் மேல் கத்தியால் கீறிக்கொண்டே சொன்னார்: "கும்மா, சத்தம் கேட்டுதே, நான் நம்ம பாதிரியார் ஈஸ்டருக்கு முன்னாலயே வெடி விட்டுட்டாரோன்னு நினைச்சேன்." தொனாத்தா சிரித்தார். எஜீதியோ அந்தச் சிரிப்பைக் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டில் அது வாராவாரம் கேட்டிருக்கிறது.

எஜீதியோ அடுப்பின் பக்கச் சுவரை ஒட்டிக் கிடந்த சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்தார். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. முதுகு அதில் பட்டதும் ஏதோ அவிழ்ந்தது. பெண்கள் இருவரும் மாவு விலை, முழங்கால் வலி, தோரினோவில் மகளுக்கு வீடு வாடகைக்கு விட்டவள் என்று பேசிக்கொண்டே போனார்கள். அந்தப் பேச்சைக் கேட்டபடியே அவர் தூங்கிப்போனார். தலை எதிலும் இடிக்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்து எழுந்தபோது ரொட்டிகள் மேசையில் ஆறிக்கொண்டிருந்தன. யாரும் அவரை எழுப்பவில்லை. கானியோ அவருடைய கால்களைத் தாண்டித் தாண்டிப் போய் வேலை செய்திருக்கிறார் என்று மிக்கெலீனா பிற்பாடு சொன்னார்.

நூன்சியோவுக்கு ஒரு ரொட்டி போயிற்று. "அடுப்பு மிச்சம் இருந்தாதானே கேட்டேன்" என்றவர், வாங்கிக்கொள்ளத் தவறவில்லை.

கோடையில் எஜீதியோ கூரையைப் பிரித்து மறுபடியும் கட்டினார். இந்த முறை அவசரம் எதுவும் இல்லை. செங்கல்லை ஜூன் முழுவதும் வெயிலில் காய வைத்தார். குவிமாடத்தை மூடியபின் ஆகஸ்டு முழுவதும் சும்மா விட்டார். பிறகு ஒரு கைப்பிடிச் சுள்ளி, மறுநாள் இரண்டு. இப்போது அந்த அடுப்பில் மிளகாய் வாட்டுகிறார்கள், அத்திப்பழம் காய வைக்கிறார்கள். ரொட்டி இன்னும் சனிக்கிழமைதோறும் கானியோ வீட்டில்தான். இரண்டாவது பலகையை எஜீதியோ தூக்கிக்கொண்டு போகிறார். வேலை அப்படியேதான் இருக்கிறது, பேருந்தும் அப்படியேதான். நெற்றியின் தடமும் போகவில்லை. அண்ணனும் தம்பியும் அடுப்பைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். மதில் நிற்கிறது.

இதை எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "எழுது. ஆனா நூன்சியோ சொல்ற மாதிரி கூரை வானத்துக்குப் பறந்துதுன்னு எழுதாத. உள்ளேதான் விழுந்துது" என்றார்.

உள்ளேதான் விழுந்தது. இதைப் படித்தவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்களுக்குத் தெரிந்த யாராவது கொல்லையில் அடுப்பு கட்ட மணல் குவித்துக்கொண்டிருந்தால், அவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். மூடியபின் ஒரு மாதமாவது காய விடச் சொல்லுங்கள். முதல் கல்லை வைப்பதற்கு முன், அது யாருக்காக என்று நினைக்கிறாரோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் சொல்லுங்கள்.